வேலை கேட்கும் படிப்பு

1993 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பியது. முதல் இரண்டு கட்டங்களும் ஒழுங்காக எரிந்து முடித்தன. இரண்டாவது கட்டம் கழன்று மூன்றாவது கட்டம் பொறுப்பேற்கும் வேளையில் ராக்கெட் நிலை தடுமாறி, சுமந்து சென்ற செயற்கைக்கோளோடு வங்கக் கடலில் விழுந்தது. காரணம் தேடிய குழு சுட்டிக்காட்டியவற்றுள் முக்கியமானது ஒரு மென்பொருள் பிழை. ராக்கெட்டின் முனையை மேலும் கீழும் திருப்பும் கட்டுப்பாட்டு நிரலில் அது ஒளிந்திருந்தது. கட்டளையின் அளவு உச்சவரம்பைத் தாண்டினால் மட்டுமே அந்தப் பிழை தலைகாட்டும். வரம்புக்குள் இருக்கும்வரை நிரல் சொன்னபடி கேட்கும். அன்று வரம்பு தாண்டிவிட்டது. ஏறக்குறைய 13 மாதம் கழித்து, 1994 அக்டோபர் 15 அன்று, அடுத்த பி.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகப் பறந்தது.

அந்தத் திட்டத்தில் 1982 முதல் வேலை பார்த்து வந்தவர்களுள் ஒருவர் கே. சிவன். நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளைக்காரர், விவசாயியின் மகன், அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர். நாகர்கோவில் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியில் கணிதப் பட்டம், 1980இல் சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல், 1982இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலைப் பட்டம், உடனே இஸ்ரோ வேலை. 2018இலிருந்து 2022 வரை அவர் இஸ்ரோவின் தலைவராக இருந்தது எல்லோருக்கும் தெரியும். மென்பொருள் துறையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய பக்கம் வேறு: இஸ்ரோவின் ஏவுகலங்களுக்குப் பாதை கணக்கிடும் ‘சிதாரா’ என்ற மென்பொருளின் தலைமை வடிவமைப்பாளர் அவர்.

சிதாரா செய்யும் வேலையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பறக்கும் ராக்கெட் எங்கே இருக்கிறது என்று சொல்ல மூன்று எண்கள் வேண்டும். எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, உருண்டிருக்கிறது என்று சொல்ல இன்னும் மூன்று. இந்த ஆறையும் வைத்துக்கொண்டு, எஞ்சினின் உந்துவிசை, புவியீர்ப்பு, காற்றின் தடை, குறைந்துகொண்டே போகும் எரிபொருளின் எடை எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, அடுத்த நொடித்துளியில் ராக்கெட் எங்கே, எப்படி இருக்கும் என்று கணக்கிட வேண்டும். பிறகு அதற்கடுத்த நொடித்துளி. தரையில் இருந்தபடியே ராக்கெட்டை ஆயிரம் முறை பறக்கவிட்டுப் பார்க்க உதவும் கணக்கு இது. ஏவும் நாளின் காற்றை அளந்து, அந்தக் காற்றுக்கு ஏற்றபடி ராக்கெட் சாய வேண்டிய கோணங்களை அன்றைக்கே கணக்கிட்டுக் கொடுக்கும் உத்தியும் சிவனின் பங்களிப்பாகச் சொல்லப்படுகிறது. பருவக் காற்றைக் காரணம் காட்டி ஏவுதலைத் தள்ளிப்போடும் நிலை அதனால் வெகுவாகக் குறைந்தது.

இத்தனைக்கும் பிறகு, 2006இல், அவர் மும்பை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்றார். வேலைக்குச் சேர்ந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. வயது 49.

அந்த வயதில் அவருக்கு வேலை தேட வேண்டிய அவசியம் இல்லை. வேலை எழுப்பிய கேள்விகள் படிப்பைக் கேட்டன. படித்தது திரும்ப வேலைக்குள் போனது. 2011இல் ஜி.எஸ்.எல்.வி. திட்ட இயக்குநர் பொறுப்பு வந்தது. முந்தைய ஆண்டு அந்த ராக்கெட் இரண்டு முறை தோற்றிருந்தது. 2014 ஜனவரி 5 அன்று, உள்நாட்டிலேயே செய்த கிரையோஜெனிக் எஞ்சினோடு அது வென்றது.

இன்னொருவர் கதை இன்னும் கீழ்ப்படியிலிருந்து தொடங்குகிறது. 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவரான வி. நாராயணன், இதே குமரி மாவட்டத்தின் மேலக்காட்டுவிளைக்காரர். (குமரி மாவட்டத்தில் ‘விளை’ என்றால் தென்னையும் மாவும் நிற்கும் தோட்ட நிலம். இரண்டு ஊர்ப் பெயரிலும் அந்த நிலம் இருக்கிறது.) நாராயணன் முதலில் டிப்ளமோதான் படித்தார். சென்னையில் சங்கிலி செய்யும் தொழிற்சாலை, எம்.ஆர்.எஃப்., திருச்சி, ராணிப்பேட்டை பெல் நிறுவனங்கள் என்று ஒன்றரை ஆண்டு வேலை பார்த்துவிட்டு 1984இல் இஸ்ரோவில் சேர்ந்தார். வேலையில் இருந்துகொண்டே, பொறியியல் பட்டத்துக்கு இணையான ஏ.எம்.ஐ.இ. முடித்தார். 1989இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் கிரையோஜெனிக் பொறியியலில் எம்.டெக்., அதில் முதலிடம். 2001இல் அங்கேயே முனைவர் பட்டம். 2017 ஜூன் 5 அன்று பறந்த ஜி.எஸ்.எல்.வி. மார்க் 3 ராக்கெட்டின் சி-25 கிரையோஜெனிக் கட்டத்துக்கு அவரே திட்ட இயக்குநர்.

டிப்ளமோவுக்கும் முனைவர் பட்டத்துக்கும் நடுவே இருந்தது பதினேழு ஆண்டுக்கும் மேற்பட்ட இடைவெளி. இந்த எண்ணை இளம் டெவலப்பர்கள் மனதில் இருத்திக்கொள்வது நல்லது. மூன்று மாதத்தில் எல்லாம் தெரிந்துவிடும் என்று விளம்பரம் செய்யும் பயிற்சி மையங்களின் பலகைகள் எல்லா ஊர்களிலும் தொங்குகின்றன. மூன்று மாதத்தில் ஒரு மொழியின் இலக்கணம் வரும். வேலையின் ஆழம் வராது.

குமரி மாவட்டத்தில் படிப்புக்குப் பஞ்சமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் முதலிடம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே பல வீடுகளில் படிப்பு என்பது வேலை வரைக்கும் போகிற பஸ். வேலை கிடைத்ததும் இறங்கிவிட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பில் பாடம் பார்க்கும் மகனிடம் அம்மா கேட்பாள்: “வேலதான் கெடச்சாச்சுல்லா மக்கா, இனியும் எதுக்குப் படிப்பு?” அந்தக் கேள்வியில் அக்கறை இருக்கிறது, கல்யாணம், வீட்டுக் கடன் என்று வரிசையாக நிற்கும் பொறுப்புகளும் இருக்கின்றன. ஆனால் மென்பொருள் வேலையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். கல்லூரியில் படித்ததை வைத்தே ஓய்வு பெறும்வரை ஓட்டிவிடலாம் என்ற உத்தரவாதத்தை இந்தத் தொழில் யாருக்கும் தந்ததில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்ளலாம். கல்லூரி முடித்து இரண்டு ஆண்டான தக்கலைப் பையன். திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. 1990இல் தொடங்கிய அந்தத் தொழில்நுட்பப் பூங்கா குமரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சென்னையைவிட, பெங்களூருவைவிட வெகு பக்கம். அவன் பார்க்கும் செயலியில் வாடிக்கையாளர் பட்டியல் திறக்க எட்டு விநாடி ஆகிறது. புகார் வந்துவிட்டது. டீமில் சீனியர் ஒருவர், மார்த்தாண்டத்துக்காரர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்கிறார்:

“மக்கா, எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பாத்தியா?”

“இல்லண்ணே.”

“போட்டுப் பாரு. டேபிள் முழுக்கத் தடவிக்கிட்டு நிக்கும்.”

எக்ஸ்பிளெய்ன் என்பது, கேட்ட தகவலை எந்த வழியாகத் தேடப்போகிறது என்று தரவுத்தளத்தையே சொல்லவைக்கும் கட்டளை. போட்டுப் பார்த்தால் 10 லட்சம் வரிகளையும் ஒன்றுவிடாமல் படிப்பது தெரிகிறது. இண்டெக்ஸ் ஒன்று போட்டதும் எட்டு விநாடி கண்மூடித் திறக்கும் நேரமாகிறது. புகார் முடிந்தது. பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுவார்கள். அடுத்த டிக்கெட் காத்திருக்கிறது.

வேலை இங்கேதான் படிப்பைக் கேட்கிறது. இண்டெக்ஸ் போட்டால் ஏன் வேகம் வருகிறது?

பட்டா பார்க்க அரசின் இணையதளத்துக்குப் போனவர்களுக்கு விடை பாதி தெரியும். அது முதலில் மாவட்டம் கேட்கும், பிறகு வட்டம், பிறகு கிராமம், கடைசியில் சர்வே எண். கன்னியாகுமரி, கல்குளம் என்று தேர்ந்தெடுக்கும்போதே தமிழ்நாட்டின் மற்ற நிலமெல்லாம் தேடலிலிருந்து விலகிவிடுகிறது. இண்டெக்ஸுக்குள் இருக்கும் பி-ட்ரீ என்ற அமைப்பும் இப்படித்தான். ஒவ்வொரு கணுவிலும் 100 கிளை பிரிவதாக வைத்துக்கொண்டால், முதல் படியில் 100, இரண்டாம் படியில் 10,000, மூன்றாம் படியில் 10 லட்சம். ஆக, 10 லட்சம் வரிகளில் ஒன்றைப் பிடிக்க மூன்றே படி. ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்ற இருவர் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1970களின் தொடக்கத்தில் வகுத்த அமைப்பு அது. அரை நூற்றாண்டு தாண்டியும் பெரும்பாலான தரவுத்தளங்களின் அடியில் அதுதான் கிடக்கிறது.

இதைப் படித்தவனுக்கு அடுத்த கேள்விகள் தாமாக வரும். பெயரின் நடுவில் உள்ள எழுத்துகளை மட்டும் கொடுத்துத் தேடினால் இண்டெக்ஸ் ஏன் கைகொடுப்பதில்லை? மாவட்டமும் வட்டமும் சொல்லாமல் சர்வே எண்ணை மட்டும் சொல்வது போன்றது அது. எல்லா நெடுவரிசைக்கும் இண்டெக்ஸ் போட்டுவிட்டால் என்ன? புதிய வரி சேரும்போதெல்லாம் அத்தனை இண்டெக்ஸையும் திருத்த வேண்டும், எழுதுவது மெதுவாகும். இரண்டு வாரம், தினம் ஒரு மணி நேரம் செலவிட்டால் இந்தப் பகுதி கைக்குள் வந்துவிடும். அதன்பின் எந்த நிறுவனத்துக்குப் போனாலும், எந்த மொழியில் எழுதினாலும் அது உதவும்.

எதைப் படிப்பது என்று திணறுபவர்களுக்குச் சொல்லக்கூடிய முதல் யோசனை, சென்ற ஆறு மாதத்தில் வேலையில் இடறிய இடங்களை எழுதிப் பார்ப்பது. மேலோட்டமாகச் சரிசெய்துவிட்டு நகர்ந்த இடங்கள் அவை. மூன்று நான்கு இடறல்கள் ஒரே வேரில் போய் முடிந்தால், படிக்க வேண்டியது அந்த வேர்.

இரண்டாவது, எவ்வளவு நாள் தாங்கும் என்று பார்ப்பது. 1998இல் வந்த விஷுவல் பேசிக் 6 ஒரு காலத்தில் வேலைக்கான சாவியாக இருந்தது. 2008இல் மைக்ரோசாஃப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது. அடோபி ஃபிளாஷ் 2020 முடிவில் போனது. 2010இல் வந்த ஆங்குலர்ஜேஎஸ் 2021 முடிவில் ஆதரவை இழந்தது. பைத்தான் 2 கூட 2020 ஜனவரி 1 அன்று விடைபெற்றது. மறுபக்கம், எட்கர் காட் 1970இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து முளைத்த எஸ்.க்யூ.எல். இன்றும் அன்றாட வேலை. 1972இல் பிறந்த சி மொழி லினக்ஸின் உள்ளே ஓடுகிறது. 1983 ஜனவரி 1 அன்று அர்பாநெட் மாறிக்கொண்ட டி.சி.பி./ஐ.பி. நெறிமுறையில்தான் வாட்ஸ்அப் செய்தியும் போகிறது.

புதிய ஃபிரேம்வொர்க்கைத் தொடாதே என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. இந்த மாதச் சம்பளம் பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் படிப்புக்குக் கிடைக்கும் நேரம் முழுவதையும் அதிலேயே கொட்டுபவர், பத்தாண்டு கழித்து மறுபடி முதல் ஆண்டுக்காரராக நிற்க நேரிடும்.

நேரத்தைப் பங்கிட நாஞ்சில் நாட்டு வயலே வழி சொல்கிறது. இங்கே ஆண்டுக்கு இரண்டு பூ, அதாவது இரண்டு நெல் விளைச்சல்: கன்னிப்பூ, கும்பப்பூ. அறுவடை வரும் மலையாள மாதத்தின் பெயரே பூவுக்கும் பெயர். கன்னி என்பது புரட்டாசி, கும்பம் என்பது மாசி. ஒரு டெவலப்பரும் ஆண்டை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பூ, இப்போதைய வேலைக்கு உடனடியாக வேண்டியது. இன்னொரு பூ, நெடுநாள் தாங்கும் அடிப்படை: தரவுத்தளம், வலைப்பின்னல், இயங்குதளம், இவற்றுள் ஒன்று. ஆண்டுக்கு இரண்டே பாடம் என்பது பார்க்கச் சின்னதாகத் தெரியும். பத்தாண்டில் இருபது. வசதியாக, ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு சுற்றாகவே வருகின்றன. பாடம் பார்ப்பது இலவசம். சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்டணம். பட்டம் வேண்டும் என்பவர்களுக்கு, சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பு இருக்கிறது. பாடம் இணையத்தில், தேர்வு மட்டும் நேரில் என்பதால் வேலையில் இருப்பவரும் சேரலாம். டிப்ளமோவோடு வேலைக்கு வந்தவர்கள் இதைத் தவறவிடக் கூடாது.

ஒரு மணி நேரம் எங்கே கிடைக்கும்? நாகர்கோவிலிலிருந்து டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்துக்கு ரயிலில் 80 கிலோமீட்டருக்கு மேல். இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நின்று நின்று போகும் வண்டியில் அன்றாடம் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். உட்கார இடம் கிடைத்த நாளில் காலைப் பயணம் படிப்புக்கு ஏற்றது. மாலையில் உடல் கேட்காது. சிக்னல் விட்டுவிட்டு வருவதால் பாடங்களை முந்தின ராத்திரியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ரயிலில் கோட் எழுத முயல்வதைவிட, எழுதிய கோடைப் படிப்பது எளிது. பிறர் எழுதிய நல்ல கோடைப் படிக்கும் பழக்கம் நம்மிடம் குறைவு. அது தனியாகப் பழக வேண்டிய திறன்.

ஊரிலேயே இருந்து வேலை பார்ப்பவர்களுக்கு நிலைமை வேறு. நாகர்கோவிலில் ஏழெட்டுப் பேர் வைத்து நடத்தும் சிறிய நிறுவனத்தில் சேரும் பெண்ணுக்கு ஒரே ஆண்டில் சர்வர், தரவுத்தளம், வாடிக்கையாளர் போன், பில் எல்லாம் கைக்கு வரும். பெரிய நிறுவனத்தில் ஐந்தாண்டு ஆனாலும் இந்த வாய்ப்பு அமையாமல் போகலாம். குறை என்னவென்றால், அவள் எழுதியதைப் படித்துத் தப்பு சொல்ல ஆள் இருக்காது. அந்த ஆளை வெளியே தேட வேண்டும். அதற்குத் திறந்தமூலத் திட்டங்கள் பெரிய துணை. 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழும் அதைச் சுற்றி இயங்குபவர்களும் லினக்ஸ், பைத்தான், எஸ்.க்யூ.எல். என்று பலவற்றைத் தமிழிலேயே எழுதிக் குவித்திருக்கிறார்கள். தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு முதல் வாசல் அது. தமிழில் புரிந்துகொண்டு, ஆங்கிலத்தில் ஆவணம் படித்து, ஆங்கிலத்திலேயே ஐந்து வரி விளக்கம் எழுதிப் பழகினால் கோட் ரிவ்யூவில் வரும் தயக்கம் மெல்லக் கரையும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சரக்கல்விளை சிவனும் தமிழ் வழியில் தொடங்கியவர்தான்.

சம்பள உயர்வு, பதவி உயர்வு பற்றியும் பேசியாக வேண்டும். ஐந்தாறு ஆண்டு அனுபவத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது: ஆட்களை நடத்தும் மேலாளர் வேலை, அல்லது ஆர்க்கிடெக்ட் என்று போகும் தொழில்நுட்ப வேலை. வீட்டுக்காரர்களுக்கு மேலாளர் என்றால்தான் வளர்ச்சி. இரண்டில் எது என்பதை அவரவர் மனம் எதில் ஒட்டுகிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்; பிடிக்காத மேலாளர் வேலையை ஏற்று, நல்ல நிரலாளராகவும் இல்லாமல் நல்ல மேலாளராகவும் இல்லாமல் தவிப்பவர்கள் ஏராளம். எந்தப் பாதையானாலும் ஒரு குறிப்பேடு உதவும். தேதி, என்ன உடைந்தது, உண்மையான காரணம் என்ன, எப்படிச் சரியானது, எவ்வளவு மிச்சமானது. பட்டியல் திறக்க எட்டு விநாடி ஆன கதை அதில் நான்கு வரி. அப்ரைசல் நேரத்தில் ஓராண்டு உழைப்பை நினைவிலிருந்து தோண்ட வேண்டியதில்லை.

2021இல் கிட்ஹப் கோபைலட்டும் 2022 நவம்பரில் சாட்ஜிபிடியும் வந்தபின், கோடை இயந்திரமே எழுதுகிறதே, இனிப் படிப்பானேன் என்ற கேள்வி எழுந்திருக்கிறது. இயந்திரம் எழுதித் தரும் நிரல் பெரும்பாலும் வரம்புக்குள் ஒழுங்காக ஓடும். கட்டளை உச்சவரம்பைத் தாண்டினால் என்ன ஆகும் என்று கேட்கும் ஆள் அப்போதும் வேண்டும். அந்தக் கேள்வி அடிப்படை தெரிந்தவருக்கே தோன்றும். இந்தக் கருவிகளை விட்டு ஒதுங்கத் தேவையில்லை. அவை தந்த ஒவ்வொரு வரிக்கும் தன்னால் காரணம் சொல்ல முடிந்த பிறகே புரொடக்‌ஷனுக்கு அனுப்புவது என்ற ஒரு கட்டுப்பாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

கடைசியாக, சொல்லிக் கொடுப்பது. சிவன் 2015இல், பி.என். சுரேஷுடன் சேர்ந்து, ஏவுகல வடிவமைப்பு பற்றிப் பெரிய ஆங்கில நூல் ஒன்றை எழுதினார், ஸ்பிரிங்கர் வெளியிட்டது. எல்லோரும் நூல் எழுத முடியாது. ஆனால் நாகர்கோவில் கோணத்தில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து பேசுகிறேன் என்றால் மறுக்கும் ஆசிரியர் அரிது. தக்கலைப் பையன் அங்கே போய், பட்டா உதாரணத்தை வைத்துக் கரும்பலகையில் பி-ட்ரீ வரைந்து காட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண். எல்லோரும் தலையாட்டுவார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அண்ணா, ஒரே சர்வே நம்பர அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா உட்பிரிவு போடுவாங்கல்லா? இதுலயும் ஒரு கணு நெறஞ்சிட்டா ரெண்டாப் பிரியுமா?” என்று கேட்பாள். பிரியும். எப்படிப் பிரிகிறது, நடு எண் ஏன் மேல் படிக்கு ஏறுகிறது, பிரிவு மேலே மேலே போய் உச்சியைத் தொட்டால் மரம் எப்படி உயரம் கூடுகிறது என்று அவன் அந்த நேரத்தில் முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினால், அடுத்த சனிக்கிழமை சொல்கிறேன் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வடசேரி பஸ் ஏறலாம்.